கோப்பிக் கும்மி யாருடைய பாட்டு?

வெள்ளவத்தையில் என்னிடம் தமிழ் பயிலும் மாணாக்கன் ஒருவன் அண்மையில் ஒரு வினா எழுப்பினான். "ஐயா, கும்மி பெண்கள் கைகொட்டி ஆடும் பாட்டு அல்லவா? அதிற் கோப்பிச் செய்கை எப்படிப் புகுந்தது?" ஆபிரகாம் ஜோசப் இயற்றிய 'கோப்பிக் கிருஷிக் கும்மி'யையே அவன் கருதினான். 1869இல் ஆங்கில மொழிபெயர்ப்போடு அச்சேறிய நூல் அது.

விடையிற் பாதி அம்மொழிபெயர்ப்பிலேயே கிடக்கிறது. பழம் பறிக்கும் பெண்ணுக்கு ஆங்கிலம் எதற்கு? வடிவம் நாட்டாருடையது, செவிசாய்க்க வேண்டியவரோ துரைமார்.

அதே 1869இல் மடுல்சீமைப் பகுதியிற் கோப்பி இலைகளின் அடியிற் செம்மஞ்சட் பொடி படிந்திருக்கக் கண்டனர். இலைத்துரு நோயின் தொடக்கம் அது. ஆயினும் உலகச் சந்தையிற் கோப்பி விலை ஏறியிருந்தது. ஆகவே நோயைக் கண்டும் நிற்காது, டிம்புளை, டிக்கோயா மலைகளிற் புதிது புதிதாகக் காடழித்து நட்டனர். மலைதோறும் ஒரே பயிராய் நின்றமையால் நோய்க்கும் உணவு குறையவில்லை. 1880களிற் கோப்பி வீழ்ந்தது. தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி 1884இல் முறிந்தது. தேயிலை வந்து துரைமாரைக் கரையேற்றியது. கூலி நிலுவையில் நின்ற தொழிலாளரைப் பற்றிப் பேசுவார் அக்காலத்தில் அரியர்.

அவர்தம் கதையை அறிய வேறு பாட்டுகளை நாடவேண்டும். 1984இல் மறைந்த சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் தொகுத்த மலைநாட்டுப் பாடல்கள் அத்தகையன. கங்காணியிடம் பட்ட கடன், எடை குறைந்தால் விழும் அரைப்பேர், அதிகாலைப் பிரட்டு முதலிய யாவும் மலைநாட்டு வாய்மொழிப் பாட்டுகளிற் பயில்வன. அவற்றுள் ஒன்றை நான் பலமுறை எண்ணிப் பார்ப்பதுண்டு. அதிலும் கோப்பி மலை வருகிறது. ஆனால் விளைச்சலால் அன்று, அங்கே இழந்த உடன்பிறந்தானாலேயே அம்மலை அடையாளங் காட்டப்படுகிறது. புலம்பல் என்று இதனை ஒதுக்குவாரும் உளர். எனக்கோ இது கணக்காகவே படுகிறது. துரையின் பேரேட்டிற் பதியாத இழப்பை, எழுத்தறியாத ஒருத்தி தன் நாவிற் பதிந்து வைத்தாள். பிழைப்புத் தேடி வந்தவர் தம் இறந்தோரையேனும் மறவாதிருக்கக் கண்ட வழி அது.

கொட்டாஞ்சேனையில் மஸ்கெலியாவிலிருந்து வந்து குடியேறிய மூதாட்டி ஒருவரிடம் இவ்விரண்டையும் பற்றி வினவினேன். கோப்பிக் கும்மியை அவர் கேள்விப்பட்டதேயில்லை. மலைப் பாட்டைத் தொடங்கி, ஈற்றடி நினைவுக்கு வராமையால், "பொறுங்க ஐயா, அக்காவுக்குத் தெரியும், கேட்டுச் சொல்றேன்" என்றார். அடுத்த ஞாயிறு அம்மாணாக்கனையும் உடன் அழைத்துச் செல்லவிருக்கிறேன்.