புது விளையாட்டு வரும் நாளும் கடைக்காரர் கணக்கும்

வீடியோ கேம் நமது வியாபாரத்துக்குச் சம்பந்தமில்லாத சரக்கு என்று வணிகப் பெருமக்கள் பலர் இந்தப் பக்கத்தைத் தள்ளிவிடக்கூடும். சற்றுப் பொறுத்துப் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். கடைக்கு வருவதற்கு மாதக்கணக்கில் முன்பே ஒரு சரக்கை ஊரெல்லாம் பேசுகிறது. வந்த அன்று வாங்காவிட்டால் பிள்ளைகளுக்குத் தூக்கம் வராது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமலே பணத்தை நீட்டுகிறார்கள். துவரம்பருப்புக்கோ மிளகாய் வற்றலுக்கோ இப்படி ஒரு மரியாதையை நாம் கண்டதில்லை. இந்த ஆவல் எப்படி உண்டாகிறது, அதில் யாருக்கு லாபம், சரக்கு தங்கிப்போனால் நஷ்டம் யார் தலையில் விழுகிறது என்பதை அமெரிக்கக் கடைக்காரர்கள் 1982 முதல் பத்தாண்டுகளில் நன்றாக அனுபவித்துவிட்டார்கள். அந்தக் கதையில் நமக்கும் வேலை இருக்கிறது.

முதலில் சரக்கைப் பற்றி. இந்த விளையாட்டுகளில் ஒரு வகைக்குப் பிளாட்பார்ம் கேம் என்று பெயர். ரயில் நிலையத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. திரையில் ஒரு பொம்மை ஆள் ஓடுவான். மேடை மேடையாக அவனைத் தாவச் செய்ய வேண்டும். குழியில் விழக்கூடாது, எதிரே வரும் ஜந்துக்கள் மீது இடிக்கக்கூடாது. ஒரு கட்டம் முடிந்தால் அதைவிடக் கடினமான அடுத்த கட்டம். ஜப்பானில் கியோட்டோ நகரத்து நிண்டெண்டோ கம்பெனி 1981-இல் வெளியிட்ட ‘டாங்கி காங்’ இந்த வகைக்கு வழிகாட்டி. 1889-இல் சீட்டுக்கட்டு செய்து விற்கத் தொடங்கிய கம்பெனி அது. ஷிகேரு மியாமோட்டோ என்பவர் அந்த விளையாட்டை அமைத்தார். அதில் தச்சனாக வந்த ஆள்தான் பிறகு குழாய் வேலைக்காரனாக மாறி ‘மாரியோ’ என்று உலகப் புகழ் பெற்றான். ‘டாங்கி காங்’ காசு போட்டு ஆடும் இயந்திரத்தில் வந்தது. பின்னர் வீட்டுத் தொலைக்காட்சியோடு இணைக்கும் பெட்டிகள் பெருகின. பெட்டியை ஒருமுறை வாங்கினால் போதும், விளையாட்டுகளைத் தனித்தனியாக வாங்கிச் செருகிக்கொள்ளலாம். அந்தச் செருகும் துண்டை நம் ஊர்ப் பிள்ளைகள் ‘கேசட்’ என்றே சொல்லிவந்தார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

பெட்டியில் கம்பெனிக்குப் பெரிய லாபம் வேண்டியதில்லை. கேசட்டில்தான் வியாபாரம். சவர ரேஸர் மலிவு, பிளேடு தொடர்ந்து விற்கும் என்ற அதே கணக்கு.

பிள்ளைகளின் ஆவலுக்குக் காரணம் விளம்பரம் மட்டும் என்று நினைப்பது தவறு. சினிமா மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். இந்த விளையாட்டு வாரக்கணக்கில் நீளும். உள்ளே மறைவான வழிகள், ஒளித்துவைத்த பரிசுகள் இருக்கும். ஒருவன் கண்டுபிடித்ததை மறுநாள் பள்ளிக்கூடத்தில் நாலு பேருக்குச் சொல்வான். கேசட் வாங்காத பையனுக்கு அந்தப் பேச்சில் இடமில்லை. ஆகவே முதல் வாரத்திலேயே வாங்க வேண்டும், மூன்று மாதம் கழித்து விலை குறைந்தபின் வாங்கினால் பேசிக்கொள்ள ஆள் இருக்காது. இதுதான் சூட்சுமம். இன்னொன்றும் உண்டு. பருப்பைக் கையில் அள்ளிப் பார்க்கலாம், அரிசியைக் கடித்துப் பார்க்கலாம். கேசட்டைப் பார்த்து ஒன்றும் தெரியாது. போன விளையாட்டு நன்றாக இருந்தது, ஆகவே இதுவும் இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் பணம் கைமாறுகிறது. வாங்குகிறவர் கம்பெனிக்குக் கொடுக்கும் கடன் என்றே இதைச் சொல்லலாம்.

அந்தக் கடனை வாங்கித் தின்றுவிட்டு ஒரு தொழிலே ஏறத்தாழ மூழ்கியது.

1980 வாக்கில் அமெரிக்காவில் அடாரி கம்பெனியின் பெட்டிதான் ராஜா. கேட்ட சரக்கை அவர்களால் முழுதாக அனுப்ப முடியவில்லை. அப்படிப்பட்ட நாட்களில் வியாபாரி என்ன செய்வார்? பத்துப் பெட்டி வேண்டுமானால் இருபது என்று எழுதுவார், பாதியாவது வரட்டும் என்று. சர்க்கரைத் தட்டுப்பாட்டுக் காலத்தைக் கண்ட நமது மூத்த அங்கத்தினர்களுக்கு விளக்கத் தேவையில்லை. 1981-இன் கடைசியில் அடாரி, அடுத்த ஆண்டு முழுமைக்கும் ஆர்டரை இப்போதே எழுதுங்கள் என்று விநியோகஸ்தர்களிடம் கேட்டது. அவர்களும் வழக்கப்படி கூட்டி எழுதினார்கள். கம்பெனி அந்த எண்ணை உண்மை என்று நம்பியது. 1982-இல் சரக்கு தாராளமாக வரத் தொடங்கியதும் ஆர்டர்கள் ரத்தாக ஆரம்பித்தன.

அதற்குள் கண்டவர்களெல்லாம் கேசட் போடத் தொடங்கிவிட்டார்கள். நல்ல சரக்கும் இருந்தது. ஆக்டிவிஷன் கம்பெனி 1982-இல் வெளியிட்ட ‘பிட்ஃபால்’ காட்டில் ஓடித் தாவும் அருமையான விளையாட்டு. ஆனால் கடை அலமாரியில் அதன் பக்கத்திலேயே மட்டமான நூறு கேசட்டுகள் நின்றன. அதே ஆண்டு ஓடிய ‘ஈ.டி.’ படத்தின் உரிமையை அடாரி பெருந்தொகைக்கு வாங்கி, கிறிஸ்துமஸுக்குள் கடைக்கு வரவேண்டும் என்று ஐந்தே வாரத்தில் விளையாட்டைச் செய்து முடிக்கச் சொன்னது. வாங்கிய பிள்ளைகள் ஆடிப் பார்த்தால், குழியில் விழுவதும் ஏறுவதும் மறுபடி விழுவதுமாக இருந்தது. ஆரம்பத்தில் நன்றாக விற்றது என்பதைக் கவனிக்க வேண்டும். பெயரைப் பார்த்து வாங்கினார்கள். அடுத்த கேசட்டுக்குத்தான் ஆள் வரவில்லை.

கடைக்காரர் சரக்கைத் திருப்பி அனுப்பினார். சிறு கம்பெனிகளிடம் திருப்பிக் கொடுக்கப் பணமும் இல்லை, மாற்றிக் கொடுக்கப் புதுச் சரக்கும் இல்லை. பல கம்பெனிகள் கடையைச் சாத்திவிட்டன. 35 டாலர், 40 டாலர் விலைபோட்ட கேசட்டுகளை 5 டாலருக்குக் கூடையில் கொட்டி விற்க வேண்டியதாயிற்று. 5 டாலர் கூடை வாசலில் இருக்கும்போது உள்ளே 40 டாலர் நல்ல சரக்கை யார் வாங்குவார்? 1983-இல் சுமார் 320 கோடி டாலராக இருந்த அந்த வியாபாரம் 1985-இல் சுமார் 10 கோடி டாலருக்கு இறங்கியது. அடாரி 1983 செப்டம்பரில் விற்காத சரக்கை லாரிகளில் ஏற்றி நியூ மெக்ஸிகோ மாநிலத்து அலமகார்டோ ஊர்க் குப்பைமேட்டில் புதைத்தது. 2014-இல் அதைத் தோண்டி, 1,300 கேசட் அளவில் எடுத்தார்கள். அந்த ஊர் நகரசபை அவற்றில் பலவற்றை ஏலம்விட்டு 1 லட்சம் டாலருக்கு மேல் சம்பாதித்தது வேறு விஷயம். முப்பது வருடம் மண்ணில் கிடந்தால் செத்த சரக்குக்கும் விலை வரும் போலிருக்கிறது.

1985-இல் நிண்டெண்டோ தனது பெட்டியை நியூயார்க் நகரத்தில் இறக்கியபோது ‘வீடியோ கேம்’ என்ற வார்த்தையைக் கேட்டாலே கடைக்காரர்கள் கதவைக் காட்டினார்கள். கம்பெனி அந்த வார்த்தையை விட்டுவிட்டு, கூடவே ஒரு ரோபோ பொம்மையை வைத்துப் பொம்மைச் சரக்கு போலக் காட்டியது. பெயரை மாற்றியதால் மட்டும் சரக்கு கடைக்குள் நுழைந்துவிடவில்லை. முன்பணம் வேண்டாம், 90 நாள் கழித்துப் பணம் கொடுங்கள், விற்காததை நாங்களே எடுத்துக்கொள்கிறோம், கடையில் அடுக்கி வைப்பதும் எங்கள் ஆட்களே என்று சொன்னார்கள். நஷ்டத்தைத் தன் தலையில் ஏற்றுக்கொண்ட பிறகே அலமாரியில் இடம் கிடைத்தது. அந்தப் பெட்டியோடு வந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’தான் மறுபடி ஜனங்களைத் திரும்பிப் பார்க்க வைத்தது.

கண்ட கம்பெனியும் கேசட் போடாதபடி பெட்டிக்குள் ஒரு பூட்டுச் சிப் வைத்தார்கள். அனுமதி பெற்ற கம்பெனியும் ஆண்டுக்கு ஐந்து விளையாட்டுக்கு மேல் போடக்கூடாது. கொஞ்சமாகச் செய், நன்றாகச் செய் என்ற கொள்கை. வெளியார் கம்பெனிகளுக்கு இதில் வயிற்றெரிச்சல்தான், ஆனால் சந்தை நிமிர்ந்தது.

‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 3’ ஜப்பானில் 1988 அக்டோபரில் வந்தது. அமெரிக்காவுக்கு 1990 பிப்ரவரியில்தான் வந்தது. நடுவில் 1989 டிசம்பரில் ‘தி விஸார்டு’ என்ற ஹாலிவுட் படம். அதன் கடைசிப் போட்டிக் காட்சியில் இந்த விளையாட்டைத் திரையில் ஓட விட்டார்கள். மாரியோவுக்கு வால் முளைத்துப் பறப்பதைப் பார்க்கவே பிள்ளைகள் டிக்கெட் வாங்கிக்கொண்டு போனார்கள். விளம்பரத்துக்கு நாம் பணம் கொடுப்போம். இங்கே விளம்பரத்தைப் பார்க்க வாடிக்கையாளர் பணம் கொடுத்தார்! கேசட் சுமார் 50 டாலர் விலையில், உலகம் முழுவதும் ஒரு கோடியே 70 லட்சத்துக்கு மேல் விற்றது. வாங்கியவர்களும் ஏமாறவில்லை. உள்ளே எட்டு உலகங்கள், ஒளித்துவைத்த ஊதல்கள், புதுப் புது வேஷங்கள் என்று கொடுத்த காசுக்குச் சரக்கு இருந்தது.

ஆனால் இந்த ஆவலே கம்பெனியின் கையில் சாட்டையாகவும் மாறும். எல்லோரும் கேட்கும் சரக்கு ஒரே இடத்தில்தான் கிடைக்கும் என்றால், கடைக்காரர் வாய் திறக்க முடியாது. நிண்டெண்டோ பெட்டியை 99 டாலர் 99 சென்ட்டுக்குக் கீழே விற்கவிடாமல் கடைக்காரர்களை நெருக்கியதாக அமெரிக்க அரசாங்கம் விசாரித்தது. 1991-இல் சமரசமாகி, வாங்கியவர்களுக்கு 5 டாலர் கூப்பன்கள் கொடுக்கக் கம்பெனி ஒப்புக்கொண்டது. விலைகுறைத்து விற்கும் உரிமை கடைக்காரருடையது என்பது அங்கேயும் போராடித்தான் நிலைநிற்கிறது.

சந்தையில் போட்டிக்கு வந்தது சேகா. 1991 ஜூனில் ‘சோனிக்’ என்ற நீல நிற முள்ளெலியை இறக்கினார்கள். (முள்ளெலி நமது தென்மாவட்டத் தேரிப் பக்கத்திலும் உண்டு, ஆனால் இத்தனை வேகமாக ஓடுவதில்லை.) அமெரிக்கக் கிளையின் தலைவர் டாம் கலின்ஸ்கி, முன்பு மாட்டெல் பொம்மைக் கம்பெனியில் இருந்தவர். 189 டாலர் பெட்டியை 149 ஆக்கி, புது விளையாட்டான சோனிக்கையே அதோடு இலவசமாகக் கொடுத்தார். தலைமைக் கம்பெனிக்கு இது பிடிக்கவில்லை. நன்றாக விற்கும் சரக்கை யாராவது சும்மா கொடுப்பார்களா? ஆனால் பெட்டி வீட்டுக்குள் போனால் பின்னால் கேசட் போகும் என்ற அவர் கணக்கு பலித்தது.

அடுத்த ஆண்டு ‘சோனிக் 2’. அதுவரை புது விளையாட்டு வரும் தேதி என்று திட்டமாக ஒன்று கிடையாது. லாரி எந்த ஊருக்கு முதலில் போகிறதோ அங்கே முதலில் விற்கும். பையன் தினமும் கடைக்கு நடந்து ‘வந்துவிட்டதா?’ என்று கேட்பான். சேகா ஒரே தேதி வைத்தது: 1992 நவம்பர் 24, செவ்வாய்க்கிழமை. ஆங்கிலத்தில் செவ்வாயின் பெயரும் ‘இரண்டு’ என்ற எண்ணும் ஒரே ஒலியில் தொடங்குவதால் அதையே விளம்பரமாக்கினார்கள். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அதே நாள். ஜப்பானில் மட்டும் மூன்று நாள் முன்னால். எல்லாக் கடைகளுக்கும் சரக்கு முன்கூட்டியே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும், ஆனால் யாரும் கட்டைப் பிரிக்கக்கூடாது. நமக்குத் தீபாவளி ரிலீஸ் படத்தின் முதல் காட்சி எப்படியோ அப்படி. விளையாட்டு 60 லட்சத்துக்கு மேல் விற்றது. அதன்பின் ஒரே தேதி என்பது இந்தத் தொழிலில் சம்பிரதாயமாகிவிட்டது.

ஒரே தேதியில் சிறு கடைக்கும் ஒரு நன்மை உண்டு. பெரிய கடைக்கு முந்திப் போய்விடுமோ என்ற கவலை இல்லை. முன்பதிவு வாங்கி, எத்தனை பேர் என்று எண்ணி, அத்தனைக்கு மட்டும் ஆர்டர் எழுதலாம். தீமையும் உண்டு. விற்பனை எல்லாம் முதல் வாரத்திலேயே கொட்டிவிடும். கூட்டி எழுதியவருக்கு மூன்றாவது வாரத்தில் அந்தச் சரக்கு பாரம்.

நம் கடைகளுக்கும் இப்படிப்பட்ட சரக்கு வராமல் இல்லை. தொலைக்காட்சியில் விளம்பரம் ஓடத் தொடங்கியதும் புது பிஸ்கட், புது ஷாம்பு பாக்கெட், கிரிக்கெட் வீரர் படம் உள்ளே வைத்த மிட்டாய் என்று கம்பெனி ஆள் வந்து நிற்கிறார். பத்து கேஸ் எடுத்தால் ஒன்று இலவசம் என்கிறார். பையன்கள் ஒரு மாதம் பறக்கிறார்கள், பிறகு அடுத்ததற்குத் தாவிவிடுகிறார்கள். எனது மொத்த வியாபாரத்தில் இப்படிக் காலாவதியாகி அலமாரியில் தங்கிய பெட்டிகள் உண்டு. திரும்ப எடுத்துக்கொள்வதாக வாயால் சொன்ன விற்பனையாளர் அதற்குள் வேறு கம்பெனிக்குப் போயிருந்தார். சிறு கடைக்காரர்களுக்கு நான் சொல்வது இதுதான்: இலவசப் பெட்டியை எண்ணுமுன், விற்காததைத் திருப்பி எடுப்பார்களா, எத்தனை நாளுக்குள், அதை பில்லில் எழுதித் தருவார்களா என்று கேளுங்கள். தராவிட்டால் இரண்டு கேஸ் போதும். ஓடினால் மறுநாளே போன் போட்டு வாங்கிக்கொள்ளலாம்.

இன்றைக்கு மாரியோவின் கதை கடைக்காரருக்கு வேறு விதமாகப் போய்க்கொண்டிருக்கிறது. 2023 அக்டோபர் 20-இல் ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ் வொண்டர்’ வந்தது. முதல் இரண்டு வாரத்தில் 43 லட்சம் விற்றதாகக் கம்பெனி அறிவித்தது. நாற்பது வயதுக்காரர்கள் தங்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஆடினார்கள். ஆவலில் குறைவில்லை. ஆனால் வாங்கியவர்களில் ஒரு பகுதியினர் கடைக்கே வரவில்லை. வீட்டில் இருந்தபடி பணம் செலுத்தி, கம்பியில்லா இணைப்பிலேயே விளையாட்டை இறக்கிக்கொள்கிறார்கள். தங்கிப்போகும் சரக்கு, திருப்பி அனுப்பும் செலவு, குப்பைமேடு எதுவும் இல்லை, கடைக்காரரின் கமிஷனும் இல்லை. பெட்டியில் போட்ட பிரதியைத்தான் கையில் வேண்டும் என்கிறவர்களை நம்பி அங்கே கடைகள் நடக்கின்றன. ஆடி முடித்ததைத் திரும்ப விலைக்கு வாங்கி அடுத்தவருக்கு விற்கும் பழைய சரக்கு வியாபாரமே அவற்றில் பலவற்றுக்கு நெடுநாள் சோறு போட்டது. இறக்கிக்கொண்ட விளையாட்டை அப்படித் திரும்ப விற்க முடியாது.