ரத்தத்தில் ஒட்டிக்கொண்ட ஃபுளோரின்

ஆஸ்திரேலியாவில் 285 தீயணைப்பு வீரர்களை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் 12 வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுத்தார்கள். இன்னொரு பிரிவினர் 6 வாரத்துக்கு ஒருமுறை பிளாஸ்மா கொடுத்தார்கள். மூன்றாம் பிரிவினர் எதுவும் கொடுக்கவில்லை. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, ரத்தம் கொடுத்தவர்களின் உடலில் பிஎஃப்ஓஎஸ் என்ற வேதிப்பொருள் குறைந்திருந்தது. பிளாஸ்மா கொடுத்தவர்களிடம் இன்னும் நன்றாகக் குறைந்திருந்தது. சும்மா இருந்தவர்களிடம் அப்படியே இருந்தது. 2022இல் வெளிவந்த முடிவு இது. எண்ணெய்த் தீயை அணைக்கும் நுரையில் பல்லாண்டு கலந்திருந்த நஞ்சு, ஊசி வழியாக உறிஞ்சி எடுத்தால் கொஞ்சம் வேகமாக இறங்குகிறது.

அதிலும் பிளாஸ்மா ஏன்? டிடிடி பூச்சிக்கொல்லி போன்ற பழைய நஞ்சுகள் கொழுப்பில் போய்த் தங்கும். பிஎஃப்ஓஎஸ், அதன் உறவான பிஎஃப்ஓஏ இரண்டும் அப்படியல்ல. நீண்ட கார்பன் வால், முனையில் அமிலத் தலை என்று இவை பார்வைக்குக் கொழுப்பு அமிலம் போலவே இருக்கும். வாலில் ஹைட்ரஜன் இருக்க வேண்டிய இடமெல்லாம் ஃபுளோரின். பிளாஸ்மாவில் கொழுப்பு அமிலங்களைச் சுமந்து செல்லும் அல்புமின் என்ற புரதம், நம்முடைய சரக்குதான் என்று இவற்றையும் ஏற்றிக்கொள்கிறது. கல்லீரலிலும் இதே கதை. உண்மையான கொழுப்பு அமிலத்தை உடல் எரித்துவிடும். கார்பனும் ஃபுளோரினும் பிணைந்த பிணைப்பை உடைக்க நம் உடலில் நொதி கிடையாது.

எரிக்க முடியாவிட்டால் வெளியே தள்ளலாமே? கல்லீரல் பித்தநீரில் தள்ளுகிறது. குடல் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. சிறுநீரகம் வடிகட்டுகிறது, அதன் நுண்குழாய்களில் உள்ள கடத்திப் புரதங்கள் பிடித்து மறுபடி ரத்தத்தில் சேர்க்கின்றன. வீணாக்கக் கூடாது என்று உடல் பழகிய சிக்கனமே இங்கே எதிரியாகிறது. பெண் எலியின் உடலில் பிஎஃப்ஓஏ பாதியாகக் குறையச் சில மணி நேரம் போதும். ஆண் எலிக்குச் சில நாட்கள். அமெரிக்காவில் ஓய்வுபெற்ற தொழிற்சாலை ஊழியர்களிடம் அளந்தபோது ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகள். பிஎஃப்ஓஎஸ்ஸுக்கு ஐந்து ஆண்டுகள். எலியை மட்டும் பார்த்து மனிதருக்குப் பயமில்லை என்று முடிவுகட்டுவது எவ்வளவு பெரிய தவறு!

விலங்குகளிடையே இன்னொரு வேறுபாடும் உண்டு. மீனின் ரத்தம் செவுளில் ஓடும்போது அதிலுள்ள இந்த நஞ்சில் ஒரு பகுதி தண்ணீரில் கரைந்து போய்விடும். கடல்நாய் காற்றைச் சுவாசிக்கும் பிராணி. இந்த அமிலங்கள் ஆவியாகாதவை, மூச்சுவழி வெளியேறாது. அதனால் ஆயுள் முழுக்க மீன் தின்னும் கடல்நாயிடம் இந்த நஞ்சு சேருகிறது. கடல்நாயைத் தின்னும் பனிக்கரடியிடம் அதைவிடவும் சேருகிறது.

ஆலையே இல்லாத ஆர்க்டிக்கின் பனிக்கரடி ஈரலிலும், பசிபிக் நடுவே வாழும் ஆல்பட்ராஸ் பறவையிலும் பிஎஃப்ஓஎஸ் இருப்பதை 2001இல் உலகுக்குக் காட்டியவர்கள் ஜான் கீசியும் குருந்தாசலம் கண்ணனும். கண்ணன் நம் தமிழர். 2004இல் அவர் குழுவினர் பல நாட்டு மக்களின் ரத்தத்தை ஒப்பிட்டபோது அமெரிக்காவும் போலந்தும் உச்சத்தில் இருந்தன, இந்தியா கடைசியில். அன்றைய கணக்கு அது. அதை இன்றைக்கும் சொல்லி நாம் நிம்மதியாக இருக்க முடியாது.

ஏனென்றால் இந்த நஞ்சு ஒரு தலைமுறையோடு நிற்பதில்லை. நஞ்சுக்கொடியைத் தாண்டுகிறது, தாய்ப்பாலிலும் இறங்குகிறது. பாலூட்டும் மாதங்களில் தாயின் ரத்தத்தில் அளவு குறையும். குழந்தையின் ரத்தத்தில் ஏறும். இதற்காகத் தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது, அதன் நன்மை பெரிது என்றே மருத்துவர்கள் சொல்கிறார்கள். வட அட்லாண்டிக்கின் ஃபரோ தீவுகளில் திமிங்கில இறைச்சி வழக்கமான உணவு. அங்கே ஐந்து வயதில் ரத்தத்தில் இந்த வேதிப்பொருள்கள் கூடுதலாக இருந்த குழந்தைகளை ஏழு வயதில் மறுபடி சோதித்தார்கள். டெட்டனஸுக்கும் டிப்தீரியாவுக்கும் முறையாகத் தடுப்பூசி போட்ட குழந்தைகள்தான். ஆனாலும் அந்நோய்களை எதிர்க்கும் ஆன்டிபாடிகள் அவர்களிடம் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தன.