பாலிசியில் 20 லட்சம் இருக்கு... மிச்சம் எவ்வளவு இருக்கு? சப்-கான்ட்ராக்டர்கள் பார்க்காமல் விடும் ஒரு வரி!

சிம்மக்கல் பக்கம் ஒரு பழைய வீட்டை இடிக்கப்போகிறார்கள் என்றாலே பக்கத்து வீட்டுக்காரருக்கு வயிற்றில் புளி கரையும். சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் தெருக்கள். இங்கே கடப்பாரை விழுந்தால் அங்கே விரிசல். 2021 டிசம்பரில் விளக்குத்தூண் அருகே பழைய கட்டடம் இடிந்து, இரவுப் பணியில் இருந்த காவலர் ஒருவர் உயிரிழந்தார். அதே ஆண்டு ஆகஸ்ட் 28-ம் தேதி, நத்தம் சாலையில் கட்டப்பட்டுவந்த பறக்கும் பாலத்தின் கர்டர் விழுந்து ஒரு தொழிலாளி இறந்தார்.

சின்னதோ பெரியதோ, கட்டுமான இடத்தில் விபத்து நடந்தால் இழப்பீடு கேட்டு ஆள் வருவார்கள். அதனால்தான் பெரிய ஒப்பந்ததாரர்கள் சென்ட்ரிங், பைலிங், எலெக்ட்ரிக்கல் வேலைகளைப் பிரித்துக்கொடுக்கும்போது, "லயபிலிட்டி பாலிசி காப்பி கொடுங்க" என்கிறார்கள். சப்-கான்ட்ராக்டரும் ஒரு பாலிசியை எடுத்து, ஜெராக்ஸ் கொடுத்துவிட்டு மறந்துவிடுகிறார்.

அந்தத் தாளில் இரண்டு தொகைகள் இருக்கும். ஒன்று, ஒரு விபத்துக்கான வரம்பு. இன்னொன்று, ஓர் ஆண்டில் நடக்கும் எல்லா விபத்துகளுக்கும் சேர்த்து மொத்த வரம்பு. இன்ஷூரன்ஸ்காரர்கள் இவற்றை ஏ.ஓ.ஏ., ஏ.ஓ.ஒய். என்பார்கள். சிக்கல் இரண்டாவதில்தான்.

உதாரணத்துக்கு, விபத்துக்கு 10 லட்சம், ஆண்டுக்கு 20 லட்சம் என்று பாலிசி ஏப்ரலில் தொடங்குகிறது. மே மாதம் பக்கத்துச் சுவர் சரிந்ததில் 9 லட்சம் போகிறது. ஆகஸ்ட்டில் சாரம் விழுந்து வழிப்போக்கர் ஒருவருக்குக் காயம், 8 லட்சம். ஜனவரியில் மூன்றாவது விபத்து, கேட்பது 7 லட்சம். ஒரு விபத்துக்கு 10 லட்சம் உண்டே என்று நினைப்போம். ஆனால், மொத்தத்தில் மிச்சம் இருப்பது 3 லட்சம்தான். பாக்கி 4 லட்சம் சப்-கான்ட்ராக்டரின் சொந்தப் பணம். (முதலில் நாமே கட்ட வேண்டிய 'எக்ஸஸ்' தொகையை இங்கே சேர்க்கவில்லை. அது தனி வலி.)

இதில் கொடுமை என்னவென்றால், நீங்கள் காட்டும் ஜெராக்ஸில் அப்போதும் 20 லட்சம் என்றுதான் இருக்கும். செலவான கணக்கு அதில் ஏறாது. வேலை கொடுப்பவரும் அதைப் பார்த்து நிம்மதியாகிவிடுவார்.

வரம்பு கரைய வேறு வழிகளும் உண்டு. பல பாலிசிகளில் வக்கீல் செலவும் இதே தொகைக்குள்தான் அடக்கம். நான்கு இடங்களில் வேலை நடந்தாலும், தனித்தனி வரம்பு என்று எழுதப்படாவிட்டால் நான்குக்கும் ஒரே தொகைதான். மெயின் கான்ட்ராக்டர் எடுக்கும் 'கான்ட்ராக்டர்ஸ் ஆல் ரிஸ்க்' பாலிசியில் உங்கள் பெயரும் சேர்ந்திருந்தால், இன்னொருவர் செய்த தவறுக்கான இழப்பீடு உங்கள் பங்கையும் தின்றுவிடும். அந்த பாலிசியில் வரம்பு பெரும்பாலும் ஆண்டுக்கல்ல, வேலை முடியும்வரை. வேலை மூன்று வருடம் இழுத்தாலும் அதே தொகை.

ஆகவே, கையெழுத்துப் போடும் முன் ஏஜென்ட்டிடம், "இந்த வருஷம் எவ்வளவு க்ளெய்ம் போயிருக்கு, மிச்சம் எவ்வளவு?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். குறைந்த வரம்பைக் கூடுதல் பிரீமியம் கட்டி மறுபடி நிரப்ப முடியுமா என்றும் கேளுங்கள். எல்லா கம்பெனியும் சம்மதிக்காது. கேட்பதில் நஷ்டமில்லை.

இன்னொன்று. இதெல்லாம் வெளியாட்களுக்கான பாதுகாப்பு. சாரத்திலிருந்து விழுவது உங்கள் சொந்த ஆள் என்றால் இந்த பாலிசி கைகொடுக்காது. ஊழியர் இழப்பீட்டு பாலிசி தனியாக வேண்டும். வேலை கொடுத்த முதன்மை ஒப்பந்ததாரரிடமே தொழிலாளி இழப்பீடு கேட்கலாம், அவர் அதை உங்களிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்பது 1923-ம் ஆண்டுச் சட்டத்தின் 12-வது பிரிவு காட்டிய வழி. 2020-ன் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அந்த ஏற்பாடு தொடர்கிறது.