ஒரே மணம், பல குடும்பம்

வாசகர்களே! வலீமா வீட்டில் சஹன் மூடியைத் திறந்ததும் எழும் மணத்தை உங்களில் அறியாதவர் யார்? அது பாஸ்மதியின் மணமா, சீரகச் சம்பாவின் மணமா, பானையில் போட்ட ரம்பையின் மணமா என்று எப்போதாவது எண்ணிப் பார்த்ததுண்டா?

மூன்றிலும் மணப்பது ஒரே பொருள்தான். 2-அசற்றைல்-1-பைரோலின் என்பது அதன் பெயர். வாசனை அரிசியில் இதுவே முதன்மையானது என்பதை 1980களின் தொடக்கத்தில் விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள். நம் வீட்டுப் பெண்களோ அதற்கு வெகுகாலம் முன்பே மணமில்லாத அரிசியில் ரம்பையைப் போட்டு ஆக்கி வந்தார்கள்!

மணம் பிறப்பது எப்படி?

சாதாரண நெல்லில் ஒரு மரபணு இந்தப் பொருளைச் சேரவிடாமல் தடுக்கிறது. அது செயலிழந்தால் மணம் சேர்கிறது. அந்த மரபணுவின் 8 எழுத்துகள் விடுபட்டிருப்பதை 2005இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டார்கள். பெரும்பாலான வாசனை நெல்களில் இதே குறைதான். சிலவற்றில் அதே மரபணு வேறு இடத்தில் மாறியிருக்கிறது.

மணம் ஒன்றென்பதால் நெல்லும் ஒன்றாகிவிடாது. ஆசிய நெல்களை 1987இல் ஆறு குழுக்களாகப் பிரித்தபோது, பாஸ்மதி நம் வயல்களின் இந்திகா நெல்லோடு சேராமல் தனிக் குழுவில் நின்றது. தாய்லாந்தின் மல்லிகை அரிசி இந்திகா இனம். தமிழகத்தின் சீரகச் சம்பா சீரகம்போல் சிறுத்தது. நம் நாட்டுச் சுவந்தெல்லின் பெயரிலேயே வாசனை இருக்கிறது. சிங்களத்தில் 'சுவந்த' என்றால் நறுமணம். வயது, உயரம், மணியின் வடிவம், நோயைத் தாங்கும் சக்தி எல்லாம் ஒவ்வொன்றிலும் வேறு.

இந்த வேற்றுமையால் என்ன பயன்? 1970களில் ஆசிய வயல்களைப் புல்குட்டை நோய் தாக்கியது. பிலிப்பைன்ஸ் நெல் ஆராய்ச்சி நிலையத்தார் ஆயிரக்கணக்கான விதைகளைச் சோதித்தார்கள். எதிர்ப்புச் சக்தி கிடைத்தது, இந்தியாவின் உத்தரப் பிரதேசத்தில் சேகரித்த ஒரு காட்டு நெல்லில். யாரும் பொருட்படுத்தாத புல் அது!

மாங்குளத்தில் என்ன?

இனி நம் வன்னிக்கு வருவோம். மாங்குளத்துக்கு மேற்கே வவுனிக்குளமும் கிழக்கே முத்தையன்கட்டும் பாய்ச்சும் வயல்கள். மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் என்று பழைய நெல்களின் பெயர்களை வன்னி முதியோர் இன்றும் சொல்வார்கள். அவை வாசனைக்குப் பெயர் பெற்றவை அல்ல. ஆனால் வாசனை நெல்லுக்கு நேரும் ஆபத்துதான் அவற்றுக்கும்.

விதை என்பது புதைத்து வைக்கும் நகை அல்ல. நம் வெப்பத்தில் சாதாரணமாக வீட்டில் வைத்த நெல் ஓரிரு வருடங்களில் முளைக்கும் சக்தியை இழந்துவிடும். விதைத்துக்கொண்டே இருந்தால்தான் அது வாழும். 1990 அக்டோபரில் வடக்கின் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். 2008, 2009இல் வன்னி மக்கள் ஊர் ஊராய் இடம்பெயர்ந்தார்கள். கையில் பிள்ளையைத் தூக்கியவர்கள் விதைச் சாக்கை எப்படித் தூக்குவார்கள்? வீட்டைத் திரும்பக் கட்டலாம். முளைப்பு அற்ற விதையை என்ன செய்வது?

பேராதனைக்கு அருகே கன்னொருவையில் 1988இல் அமைந்த பயிர் மரபுவள நிலையம் விதைகளைக் குளிரறையில் காக்கிறது. ஆனால் அங்கு சேராத விதையை அது காக்க முடியாதே!

ஆகவே வாசகர்களே, உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் பழைய நெல்லின் பெயரையும் குணத்தையும் கேட்டு எழுதி வையுங்கள். பழைய விதை கைவசமிருந்தால் விவசாயப் போதனாசிரியரிடம் சொல்லுங்கள். வாசனை நெல் விதைப்பவர்கள் மணமில்லாத நெல்லை ஒட்டி விதைக்காதீர்கள். தாய், தந்தை இருபுறமிருந்தும் வந்தால்தான் மணம் நிலைக்கும். ஒவ்வொரு போகமும் ஒரு பிடியாவது விதைக்கென ஒதுக்குங்கள். அடுத்த தலைமுறையின் சஹன் அந்தப் பிடியில்தான் இருக்கிறது.