கலைவாணரின் கிந்தனார்

கதாகாலட்சேபம் என்றவுடன் பக்தியே நினைவுக்கு வரும். அந்தப் பாணியிலேயே பாடி, கேட்டோரைச் சிரிக்க வைத்தவர் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன். 1908-ல் நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் பிறந்தவர். வில்லுப்பாட்டிலும் நாடகக் குழுவிலும் பழகிய தம் சொந்தக் குரலிலேயே படங்களிலும் பாடினார்.

1949-ல் வெளிவந்த ‘நல்லதம்பி’ படத்தில் அவர் நிகழ்த்திய ‘கிந்தனார்’ கதையே அவருடைய பாட்டுக் கலையின் சிகரம் என்பேன். இயற்றியவர் உடுமலை நாராயண கவி. கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தன் தில்லைக்குப் போக ஏங்கினான்; அவனைப் போலவே ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்த கிந்தனோ படிப்பதற்காகப் பட்டணம் போகிறான். பள்ளிகளைச் சோதிக்கும் அதிகாரியாகத் திரும்புகிறான்!

காலட்சேபக்காரரின் இழுப்பும் குழைவும் குறையாமல் பாடிக்கொண்டே கலைவாணர் நகைப்பூட்டுகிறார். தாளம் தவறாத பாட்டுக்காரருக்கே அந்தக் குறும்பு கைவரும். சிரித்து முடித்த பிறகுதான், அந்தச் சிறுவனுக்கு எழுத்து மறுக்கப்பட்ட கொடுமை நெஞ்சில் தைக்கிறது.

1957 ஆகஸ்டு 30-ல், 49 வயது நிறையுமுன்பே அவர் மறைந்தார். பிழைப்பையும் படிப்பையும் நாடிப் பெங்களூருக்கு ரயிலேறி வந்த நம் குடும்பங்களுக்குக் கிந்தன் அயலான் அல்லன். பிள்ளைகளை அருகில் இருத்திக்கொண்டு ஒருமுறை அந்தக் கதையைக் கேளுங்கள்.