கழுத்தெலும்பின் ஓட்டைகள்

எம்.பி.பி.எஸ். முதலாண்டு மாணவர்களின் எலும்புப் பெட்டியில் கழுத்தெலும்பைக் கண்டுபிடிப்பது சுலபம். இருபுறமும் பக்கத்துக்கு ஓர் ஓட்டை இருக்கும். முதுகிலோ இடுப்பிலோ உள்ள முள்ளெலும்புகளில் அது கிடையாது.

மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் முள்ளெலும்புத் தமனிக்கு அதுதான் வழி. காறை எலும்புக்கு அடியில் கிளம்பும் இந்தத் தமனி, பெரும்பாலானவர்களுக்கு ஆறாவது கழுத்தெலும்பில் நுழைந்து ஒவ்வொன்றாக மேலேறி மண்டையோட்டுக்குள் போகும். அங்கே இடமும் வலமும் ஒன்றாகி மூளைத்தண்டையும் சிறுமூளையையும் கவனித்துக்கொள்ளும். ஏழாவது எலும்பிலும் ஓட்டை உண்டு. ஆனால் தமனி வழக்கமாக அதை எட்டிப் பார்ப்பதில்லை, சிரைகளோடு சரி.

பாடப்புத்தகப் படத்தில் இரண்டு ஓட்டையும் ஒரே அளவில், வட்டமாக இருக்கும். நிஜ எலும்பு அந்தப் படத்தை மதிப்பதில்லை. சிலருக்கு மெல்லிய எலும்புத் தடுப்பு ஒன்று குறுக்கே வளர்ந்து, ஓர் ஓட்டை இரண்டாகியிருக்கும். ஆறாவது எலும்பில் இது அதிகம். சிலருக்கு ஓட்டையே இருக்காது. பலருக்கு இடது தமனி தடிப்பாக இருப்பதால் அந்தப் பக்கத்து ஓட்டையும் பெரிது. முதல் எலும்பில் தமனி படுத்திருக்கும் பள்ளத்தின்மேல் சிலருக்கு எலும்புப் பாலமே வளர்ந்திருக்கும். கருவில் ரத்தக்குழாயும், விலா எலும்பின் மிச்சமான ஒரு துண்டும் சேர்ந்தே இந்த ஓட்டையை உருவாக்குகின்றன. குழாய் எப்படிப் போகிறதோ, எலும்பு அதைச் சுற்றி வளர்கிறது.

இப்படிப்பட்ட கழுத்தோடு பலர் ஆயுள் முழுக்க நிம்மதியாக வாழ்ந்துவிடுவார்கள். தெரியவேண்டியது அறுவை மருத்துவருக்கு. கழுத்தெலும்பின் குறுகிய காம்பு வழியாக ஸ்க்ரூ போடும்போது உள்பக்கம் தண்டுவடம், வெளிப்பக்கம் தமனி. ஸ்க்ரூவின் தடிமனே பொதுவாக 3.5 மில்லிமீட்டர், தப்புவதற்கு இடம் ஏது? முதல் எலும்பில் அந்தப் பாலத்தைத் தடித்த எலும்பென்று நம்பி ஸ்க்ரூவை இறக்கினால், நேராகத் தமனிக்குள்தான் போகும்.

கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் எஸ். ராஜசேகரன் குழுவினர், சிக்கலான கழுத்துக் கோணல் கொண்ட 33 பேருக்குக் கணினி வழிகாட்டுதலோடு காம்பு வழியாக ஸ்க்ரூ போட்ட அனுபவத்தை 2010இல் வெளியிட்டார்கள். நோயாளி அறுவை மேசையில் இருக்கும்போதே முப்பரிமாணப் படம் எடுத்து, கருவி போகும் திசையைத் திரையில் பார்த்துக்கொண்டே செய்யும் முறை இது.

அறுவைக்கு முந்தைய ஸ்கேனில் இரண்டு தமனிகளின் தடிமனையும் ஒப்பிட்டுப் பார்ப்பதும் வழக்கம். ஒன்று மெலிந்து மற்றது தடித்திருந்தால், மூளை நம்பியிருக்கும் அந்தத் தடித்த பக்கத்தில் ஆபத்தான ஸ்க்ரூவைத் தவிர்த்து, வேறு இடத்தில் பிடிமானம் தேடுவார்கள்.