எட்டு நாடுகள், ஒரே சந்தை: கிழக்கு ஆப்பிரிக்க சமூகத்தின் கனவும் தொடரும் எல்லைத் தடைகளும்

கைப்பேசி வழிப் பணப் பரிமாற்றம், முடிதிருத்தும் நிலையம், சுற்றுலா வழிகாட்டிப் பணி, விளைநிலத்திலேயே பயிரைக் கொள்முதல் செய்தல் உள்ளிட்ட 15 வகைத் தொழில்களில் வெளிநாட்டினர் ஈடுபடத் தடை விதித்து தான்சானியா அரசு 2025 ஜூலையில் ஆணை பிறப்பித்தது. உள்ளூர்ச் சிறு வணிகர்களைக் காக்கவே இந்த நடவடிக்கை என்று அந்நாடு விளக்கம் அளித்தது. ஆனால், இது பொதுச் சந்தை உடன்பாட்டுக்கு முரணானது என்று அண்டை நாடான கென்யா எதிர்ப்புத் தெரிவித்தது.

இரு நாடுகளும் கிழக்கு ஆப்பிரிக்க சமூகம் என்ற ஒரே கூட்டமைப்பின் உறுப்பினர்கள். பொருட்கள் மட்டுமின்றித் தொழிலாளர், சேவைகள், மூலதனம் ஆகியவையும் தடையின்றி எல்லை கடக்க வேண்டும் என்று 2010 முதல் நடைமுறையில் உள்ள உடன்பாட்டில் இரண்டும் கையெழுத்திட்டுள்ளன. அப்படியிருந்தும் ஒரு நாட்டின் சிறு வணிகருக்கு மற்றொரு நாட்டில் கதவு அடைக்கப்பட்டது ஏன் என்ற கேள்வி எழுகிறது.

கூட்டமைப்பின் பின்னணி

கென்யா, உகாண்டா, தான்சானியா ஆகிய மூன்று நாடுகள் 1967இல் முதன்முதலாக இந்தச் சமூகத்தை உருவாக்கின. ரயில்வே, துறைமுகம், அஞ்சல், விமான சேவை ஆகியவற்றை அவை கூட்டாகவே நடத்தின. எனினும், பத்தே ஆண்டுகளில், 1977இல் கூட்டமைப்பு கலைந்தது.

பலன்களின் பெரும்பகுதி தொழில் வளர்ச்சியில் முந்தியிருந்த கென்யாவுக்கே செல்வதாக மற்ற இரு நாடுகளும் கருதின. கென்யாவின் முதலாளித்துவப் பாதையும் தான்சானியாவின் சோஷலிசப் பாதையும் ஒத்துப்போகவில்லை. உகாண்டாவில் 1971இல் ஆட்சியைக் கைப்பற்றிய இடி அமீனுடன் ஒரே மேசையில் அமர தான்சானிய அதிபர் ஜூலியஸ் நைரேரே மறுத்தார். கூட்டு விமான நிறுவனம் முடங்கியதும் கென்யாவுடனான எல்லையைத் தான்சானியா மூடியது.

இதன்பின் 1999 நவம்பர் 30 அன்று மூன்று நாடுகளும் புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அது 2000 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. தலைமையகம் தான்சானியாவின் அருஷா நகரில் அமைந்துள்ளது. ருவாண்டாவும் புருண்டியும் 2007இலும், தெற்கு சூடான் 2016இலும், காங்கோ ஜனநாயகக் குடியரசு 2022இலும், சோமாலியா 2024இலும் இணைந்தன. தற்போது எட்டு நாடுகளையும் 30 கோடிக்கும் அதிகமான மக்களையும் கொண்ட கூட்டமைப்பாக இது விளங்குகிறது.

ஒருங்கிணைப்பு செயல்படும் விதம்

முதல் படியாக 2005இல் சுங்க ஒன்றியம் தொடங்கப்பட்டது. பழைய அனுபவத்தை மனத்தில் கொண்டு, உகாண்டா, தான்சானியா நாடுகளின் பொருட்களுக்குக் கென்யாவில் உடனடியாக வரிவிலக்கு அளிக்கப்பட்டது. அந்நாடுகளுக்குச் செல்லும் குறிப்பிட்ட கென்யப் பொருட்கள் மீதான வரி மட்டும் ஐந்து ஆண்டுகளில் படிப்படியாகக் குறைக்கப்பட்டது. வெளியிலிருந்து இறக்குமதியாகும் பொருட்களுக்கு 0, 10, 25, 35 சதவீதம் என நான்கு அடுக்குகளில் பொதுவான சுங்க வரி 2022 முதல் பின்பற்றப்படுகிறது.

உகாண்டா, ருவாண்டா, புருண்டி, தெற்கு சூடான் ஆகியவற்றுக்குக் கடற்கரை கிடையாது. கென்யாவின் மொம்பாசா, தான்சானியாவின் தார் எஸ் சலாம் ஆகிய துறைமுகங்களையே அவை பெரிதும் நம்பியுள்ளன. முன்பு மொம்பாசாவில் இறங்கும் கண்டெய்னர் ஒவ்வோர் எல்லையிலும் ஆவணச் சோதனைக்காகக் காத்துக் கிடந்தது. 2014இல் அறிமுகமான ஒற்றைச் சுங்கப் பிரதேச முறையின்படி, சரக்கு துறைமுகத்தை விட்டுப் புறப்படும் முன்பே, அது சென்றடையும் நாட்டுக்குரிய வரி செலுத்தப்படுகிறது. மின்னணு முத்திரை மூலம் லாரியின் பயணம் கண்காணிக்கப்படுகிறது. இதனால் மொம்பாசாவிலிருந்து உகாண்டா தலைநகர் கம்பாலாவைச் சரக்கு சென்றடையும் காலம், சுமார் 18 நாட்களிலிருந்து ஐந்து நாட்கள் அளவுக்குக் குறைந்ததாகக் கூறப்படுகிறது.

புசியா, நமாங்கா போன்ற இடங்களில் ஒருங்கிணைந்த எல்லைச் சாவடிகளும் இயங்குகின்றன. வெளியேறும் நாட்டின் சோதனையும் நுழையும் நாட்டின் சோதனையும் ஒரே கட்டடத்தில் முடிந்துவிடுகின்றன. 2,000 டாலர் வரை மதிப்புள்ள சரக்கைக் கொண்டு செல்லும் சிறு வணிகர்களுக்கு எளிமையான சான்றிதழ் வழங்கப்படுகிறது. காய்கறி, மீன், தானியம் ஆகியவற்றை எல்லை தாண்டி விற்று வாழும் பெண்களுக்கு இந்த ஏற்பாடு முக்கியமானது.

வரி நீங்கியும் தடை நீங்கவில்லை

வரி குறைந்த இடத்தில் வேறு வகைத் தடைகள் தலைதூக்கின. அஃப்ளாடாக்சின் என்னும் பூஞ்சை நச்சைக் காரணம் காட்டி, உகாண்டா, தான்சானியா மக்காச்சோளத்துக்குக் கென்யா 2021 மார்ச்சில் தடை விதித்தது. சில நாட்களில் நிபந்தனைகளுடன் தடை விலக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டில் உகாண்டா பாலும் கென்யாவில் தடுக்கப்பட்டது.

அரசியல் பகையும் வணிகத்தை முடக்கியது. உகாண்டாவுடனான கட்டுனா எல்லையை ருவாண்டா 2019 பிப்ரவரியில் மூடியது. அது மீண்டும் திறக்கப்பட்டது 2022 ஜனவரி 31 அன்றுதான். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் இரு நாடுகளின் எல்லையோர வணிகர்கள் வருவாய் இழந்து தவித்தனர். 2025 ஜனவரியில் காங்கோவின் கோமா நகரை எம்23 கிளர்ச்சிக் குழு கைப்பற்றியபோது, அக்குழுவுக்கு ருவாண்டா துணைநிற்பதாகக் காங்கோ குற்றஞ்சாட்டியது. ஒரே சந்தையில் பங்காளிகளான இரு நாடுகள் போர்க்களத்தில் எதிரெதிரே நிற்கும் நிலை உருவானது.

இந்தியாவில் 2017இல் ஜிஎஸ்டி அமலானபோது மாநில எல்லைகளில் இருந்த வணிகவரிச் சோதனைச்சாவடிகள் அகற்றப்பட்டன. அதை நடைமுறைப்படுத்த ஒரே நாடாளுமன்றமும் ஒரே அரசமைப்பும் இருந்தன. கிழக்கு ஆப்பிரிக்காவிலோ எட்டு நாடாளுமன்றங்களும் எட்டுக் கருவூலங்களும் உள்ளன. உச்சிமாநாட்டின் முடிவுகள் அனைவரின் ஒப்புதலுடனேயே எடுக்கப்பட வேண்டும். அருஷாவில் கூட்டமைப்புக்கென நீதிமன்றம் இருந்தாலும், அதன் தீர்ப்பைச் செயல்படுத்துவது உறுப்பு நாடுகளின் கையில்தான் உள்ளது. சுங்க வரி வருவாயையும் உள்நாட்டு வாக்காளர்களின் ஆதரவையும் இழக்க எந்த அரசும் எளிதில் முன்வருவதில்லை.

அடுத்து என்ன?

பொது நாணயம் கொண்டுவருவதற்கான உடன்பாடு 2013இல் கையெழுத்தானது. 2024க்குள் எட்ட வேண்டிய அந்த இலக்கு தற்போது 2031க்குத் தள்ளிவைக்கப்பட்டுள்ளது. இதற்கிடையே, ஆப்பிரிக்கா முழுவதையும் ஒரே சந்தையாக்கும் நோக்கிலான கண்டந்தழுவிய தடையற்ற வர்த்தகப் பகுதி 2021 ஜனவரி 1 அன்று வணிகத்தைத் தொடங்கியது. எரித்திரியா தவிர்த்த 54 நாடுகள் அதில் கையெழுத்திட்டுள்ளன.

அந்தப் பெரும் சந்தைக்குத் தனித்தனி அடித்தளம் எதுவும் இல்லை. கிழக்கு ஆப்பிரிக்க சமூகம் போன்ற வட்டாரக் கூட்டமைப்புகள் மீதே அது எழுப்பப்படுகிறது. உகாண்டா உழவரின் மக்காச்சோளம் கென்யச் சந்தையை உறுதியாகச் சென்றடையும் என்ற நம்பிக்கையை எட்டு நாடுகளால் தர இயலாவிட்டால், 54 நாடுகளின் ஒப்பந்தமும் காகிதத்திலேயே நின்றுவிடும் அபாயம் உள்ளது.